நாலில் இரண்டு போக

கால்சியம் பத்து புள்ளி ஒன்று.
பக்கத்தில் நட்சத்திரம் போடவில்லை இயந்திரம்.
எட்டரைக்கும் பத்தரைக்கும் நடுவில்
எது வந்தாலும் அதற்குச் சம்மதம்.

இரவு இரண்டேகால். சயன் பக்கத்து ஆஸ்பத்திரி,
தரைக்குக் கீழே எங்கள் லேப்.
பச்சைப் பொத்தானை அமுக்கினால்
தாள் வார்டுக்குப் போய்விடும், நான் டீக்கு.

அமுக்கவில்லை. இரண்டு வரி கீழே
அல்புமின்: இரண்டு.
நாலு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு.
மொத்தப் புரதமோ பத்து புள்ளி நாலு.
மிச்சம் எட்டு புள்ளி நாலு
யார் வீட்டுச் சரக்கு?

தாதரில் ஏறி இறங்குகிறவனுக்கு
இதை விளக்கவே வேண்டாம்.
ரத்தத்தில் போகிற கால்சியத்தில்
பாதிக்குக் கொஞ்சம் குறைய
அல்புமின் இருக்கையில் உட்கார்ந்து
வாய் பிளந்து தூங்கிக்கொண்டு போகும்.
அதனால் ஒரு நன்மையும் இல்லை, தொந்தரவும் இல்லை.
நின்றும் தொங்கியும்
கம்பியைப் பிடித்துத் தோளால் இடித்தும் வருகிற மற்றதுதான்
இதயத்தைத் தட்டும், தசையை இழுக்கும்,
அளவு மிஞ்சினால்
மனிதனை அவன் பெயரையே மறக்க வைக்கும்.

இயந்திரம் தலையை மட்டும் எண்ணும்.
பாதி இருக்கையைக் கழற்றிவிட்ட பெட்டியில்
வழக்கமான கூட்டம்தான் என்று எழுதிக் கொடுக்கும்.
வாசலில் எத்தனை பேர் என்று
எட்டிப் பார்க்க அதற்குக் கழுத்து இல்லை.

கையுறை டப்பாவின் மூடியில் போட்டேன் கணக்கை.
நாலில் இரண்டு போக இரண்டு.
புள்ளி எட்டால் பெருக்க ஒன்று புள்ளி ஆறு.
பத்து புள்ளி ஒன்றோடு கூட்ட
பதினொன்று புள்ளி ஏழு.
இன்னொரு தரம் கூட்டினேன்.
பதினொன்று புள்ளி ஏழு.

டாக்டர் பிராஜக்தா வைத்யா
பாதித் தூக்கத்தில் போனை எடுத்தார்.
நார்மல்தானே, அதற்கா எழுப்பினாய் என்றார்.
அல்புமினைச் சொன்னேன்.
பேனா தேடும் சத்தம். பிறகு சத்தமே இல்லை.
பிறகு அவராகவே சொல்லிக்கொண்டு போனார்:
பாட்டில் பாட்டிலாய்த் தண்ணீர் கேட்கிறார்,
ஆறு நாளாய் வெளிக்குப் போகவில்லை,
முதுகு வலி மூன்று மாதமாம்,
நேற்று சாயந்திரம் பெண்டாட்டியைப் பார்த்து
நீ எந்த ஊரம்மா என்று கேட்டாராம்.

சூத்திரம் ஒரு உத்தேசம்தான், என்றார்.
புரதம் இப்படிக் கோணலாய்க் கிடந்தால் அதுவும் ஏமாற்றும்.
அயனி கால்சியம் பார்த்துவிடு.
நான் ஸலைனை ஓடவிடுகிறேன்.

வார்டு பையன் தூங்கிவிட்டான் போல.
சிரிஞ்சைக் கொண்டு வந்தது அந்த அம்மாதான்.
செல்லக்கனி. தாராவியில்
பிளாஸ்டிக் பிரிக்கிற கொட்டகையில் இருவருக்கும் வேலை.
டிபன் டப்பா மூடியில் ஐஸ் கட்டி,
நடுவில் தங்கப்பழத்தின் ரத்தம்.
நாலு மாடிப் படி இறங்கியும்
ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஒன்று புள்ளி ஐந்து நாலு.
இந்தத் தடவை நட்சத்திரம் போட்டது இயந்திரம்.

என்ன தம்பி எழுதிருக்கு?
ரத்தத்துல கால்சியம் கூடியிருக்கும்மா.
அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.
கூடுனா நல்லதுதான?
எலும்புக்குக் கால்சியம்னு மெடிக்கல்ல சொன்னாவ.
முதுகு வலிக்குன்னு நாந்தான்
தெனமும் ரெண்டு கரைச்சுக் குடுத்தேன்.

அதுனால வந்ததில்லம்மா, என்றேன்.
அதையும் அவளுடைய கணக்கில் சேர்க்க வேண்டாம்.
ஒருவேளை அரைப் புள்ளி அதுவும் கூட்டியிருக்கலாம்.
எலும்பே கரைந்து ரத்தத்தில் இறங்குகிறதோ என்று
நான் நினைப்பதைச் சொல்ல
எனக்கு அதிகாரமில்லை, டாக்டர் சொல்வார்,
நாளை, பத்து மணி ரவுண்டில், மராத்தியில்.
யாராவது மொழிபெயர்க்க வேண்டும்.

அவள் ஐஸ் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள்.
மூடியைச் சேலையில் துடைத்தாள்.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
ஒரு மாத்திரை அட்டையை எடுத்து
வெளிச்சத்தில் பிடித்து எண்ணினாள். ஒன்பது.

இனி குடுக்கக் கூடாதுல்லா?
கூடாதும்மா.

அப்பம் இத அந்தக் கடையில
திருப்பி எடுத்துக்கிடுவாவளா?