புறங்கை

திங்கள் காலை மெயினை இறக்கியாச்சு.
மின்சார சபைக்காரர் மீற்றரைக் கழற்றிப்
பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு போனார்.
பலகையில் சோக்கட்டியால் எழுதினேன்:
கரண்ட் இல்லை.
இரண்டு நாள் அந்த எழுத்தை நம்பினோம்.

நாவலர் வீதியில் மூன்று மாடி,
முன்பு தனியார் ஆஸ்பத்திரி.
வியாழன் மெசின் வரும், கொங்கிறீற்றைக் கடிக்கும்.
அதற்கு முன் வயிறு வெறுமையாக வேணும்:
யன்னல், நிலை, குழாய், கொமட்,
எக்ஸ்றே அறைக் கதவுக்குள் ஒளிந்திருந்த ஈயத்தகடு
(நாலு பேர். முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு).
லிப்ற் இல்லாத லிப்ற் குழிக்கு மேல்
ஆரோ போட்ட பிளைவூட்,
அதற்கு மேல் ஒரு கதிரை.
அதில் இருந்தவர் ஆரோ, அதிர்ஷ்டக்காரர்.
சுற்றிவர மரம் அடித்து
'குழி' என்று சிவப்பில் எழுதினோம்.

கொன்றாக்ரர் போனில் சிரித்தார்.
"தங்கச்சி, இடிக்கப்போற கட்டிடத்துக்கு
ஏன் இவ்வளவு பக்குவம்?"
கட்டிடத்துக்கு இல்லை, அண்ணை.

மேல்மாடியில் அஸ்பெஸ்ரஸ் சீற்.
எமில்தாஸ் சுத்தியலை ஓங்கினான்.
உடையக்கூடாது, தூள் பறக்கக்கூடாது என்றேன்.
கொஞ்சம் யோசித்தான், குருநகர்ப் பெடியன்.
"ஓ. பித்து."
மீனுக்குள் பித்து உடைந்தால்
பிறகு எத்தனை தரம் கழுவினாலும் கசக்கும்.
அதற்குப் பிறகு நான் ஒருவருக்கும்
ஒன்றும் விளக்கவேண்டி இருக்கவில்லை.
தண்ணீர் தெளித்து, ஆணி ஆணியாய் இழுத்து,
மாஸ்க்குக்குள் வியர்வை உப்புக் கரிக்க,
முழுசு முழுசாய் இறக்கினார்கள்.

புதன், மூன்றரை மணி.
மருந்தறை மூலையில் ஒரு கறுப்பு வயர்.
கேதீஸின் குறடு அதைக் கவ்வப்போனது.
"நில்லு" என்று ரெஸ்ரரை வைத்தேன்.
சந்தேகத்தில் அல்ல, பழக்கதோஷத்தில்.

குமிழ் சிவந்தது.

கேதீஸ் வயரைப் பார்க்கவில்லை,
தன் குறட்டைப் பார்த்தான்.
பெருவிரல் படும் இடத்தில்
பிடியின் றப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது.

சுவரைத் துளைத்து வயர் போன வழியே
நாங்களும் போனோம். பக்கத்துத் தையல்கடை.
செல்வச்சோதி, கழுத்தில் அளவுநாடாவோடு வந்து
கனநேரம் நின்றார்.
"டொக்டர் கேட்டவர். இவங்கட லைன் அறுந்துபோச்சு.
ஊசிமருந்து பிரிட்ஜுக்கு,
ஒரு ராவுக்கெண்டுதான் குடுத்தனான்."
எந்த வருசம்?
அது தெரியாது. கடைச் சட்டர் அப்ப நீலம்.

டொக்டர் இல்லை. பிரிட்ஜ் பழைய இரும்புக்குப் போனது.
ஒரு இரவுக்குக் கொடுத்த உதவி மட்டும்
சுவருக்குள் விழித்தபடி,
இருநூற்று முப்பது வோல்ற்.

அவர் பக்கத்தில் கழற்றி, ரேப் சுற்றி, மறுபடி சோதித்தோம்.
அவர் மன்னிப்புக் கேட்டார்.
எதற்கு என்று சொல்ல எனக்கும் தெரியவில்லை.
ஒருவருக்கும் தேத்தண்ணி இறங்கவில்லை,
எமில்தாஸ் மட்டும் இரண்டு குடித்தான்.

பலகையை ஈரத்துணியால் துடைத்து எழுதினேன்:
சோதித்த வயர் பதினேழு.
மிச்சத்தைத் தொடாதே.

ஆறு பேர் உள்ளே, ஆறு பேர் வெளியே.
உடுப்பை அங்கேயே கழற்றிப் பையில் கட்டிவிட்டு
கொக்குவில் வந்து சேர இருட்டிவிட்டது.
என் வீட்டுச் சுவிச்சை
புறங்கையால் தட்டிப் போட்டேன்.