பகுதி, தொகுதி

வகுப்பு இரவு எட்டரைக்கு.
வீட்டில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும்.
அதனால் மேல்நிலைத் தொட்டியின் இரும்புப் படிகளில்
பதினாலாவதில் உட்கார்ந்து
பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன்.
கீழே கடலூர் முதுநகர்.
ஐஸ் கம்பெனி ஜெனரேட்டர் தடதடக்கிறது.
மைக்கை அணைத்துத்தான் வைத்திருக்கிறேன்.
உப்பங்காற்று இயர்போன் இடுக்கில் புகுந்து
பேராசிரியர் குரலில் பாதியைத் தின்கிறது.

விகிதம் என்றால் என்ன என்று கேட்டார்.
திமாப்பூர்க்காரி ஒருத்தி பட்டென்று சொல்லிவிட்டாள்.
நான் ஆறாம் வகுப்புவரை நடந்துபோய்
கரும்பலகையில் தேடி எடுத்துவந்தேன்:
கோட்டுக்கு மேலே தொகுதி, கீழே பகுதி.

தொகுதி என்றால் எங்களுக்கு ஓட்டு.
பகுதி என்றால் நான் பையைத் தூக்கிக்கொண்டு
வீடுவீடாக ஏறி இறங்கும் ஐந்து தெரு.
பின்னத்திலும் பாருங்கள்,
தொகுதி மேலே உட்கார்ந்திருக்கிறது,
பகுதி சுமக்கிறது.

அவரவர் ஊரிலிருந்து ஒரு நோய்ப்பரவல்,
கணக்கிட்டு அனுப்புங்கள் என்றார்.
எனக்கு யோசனையே வேண்டியிருக்கவில்லை.
ஐப்பசி மழையில் வந்த வயிற்றுப்போக்கு
இன்னும் நோட்டில் ஈரமாக இருந்தது.
பதிவேட்டில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்,
படுத்தவர்கள் இருபத்துமூன்று.
ஐந்து புள்ளி ஆறு சதவீதம்.
மகனுடைய ஸ்கெட்ச் பேனாவில் தெருப்படம் போட்டு
வீட்டுக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன்.
பத்துக்கு ஒன்பது.
'நேர்த்தி' என்று ஒரு வார்த்தை.
படியிலேயே நின்று இரண்டு தடவை வாசித்தேன்.

மறுநாள் உப்புச்சர்க்கரைப் பொட்டலம் மிச்சமிருந்ததால்
ஐஸ் கம்பெனிப் பின்வாசல் வழியாகத் திரும்பினேன்.
ஜதுமணி என்றான் பெயர். ஒடிசா.
ஷெட்டுக்குள் மாற்றி மாற்றித் தூங்கும்
பதினேழு பேரில் ஒருவன்.
அதே குழாய், அதே உடைப்பு, அதே ஐப்பசி.
"எத்தனை பேருக்குப் போச்சு?"
ஆறு விரல் காட்டினான்.
பிறகு ஒன்றை மடக்கி
ஸ்டேஷன் இருக்கும் திசையில் கையை வீசினான்.

பதிவேடு யாரோ எழுதியதில்லை.
என் கையெழுத்து. நீல மை.
ஒன்பது வருடமாக 'என் பகுதி' என்று
கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிற வாய்.

அன்றிரவு திரும்பப் போட்டேன்.
கீழே ஆட்கள் கூடினால்
விகிதம் இறங்கும் என்றுதான் பாடம்.
நானூற்று இருபத்தொன்பது. மேலே இருபத்தொன்பது.
ஆறு புள்ளி எட்டு.
ஏறித்தான் இருந்தது.

திருத்தி அனுப்பியதற்குப் பதில் வந்தது:
தாமதம், ஒரு மதிப்பெண் கழிவு.
தரவின் ஆதாரம்?
'விரல்கள்' என்று அடித்தேன்.
அழித்துவிட்டு 'நேரடி விசாரணை' என்றேன்.

அட்டவணையின் கடைசிக் கட்டம் மட்டும் முடியவில்லை.
குணமடைந்தார், சிகிச்சையில் உள்ளார், இறந்தார்,
மூன்றில் ஒன்றைத் தொடச் சொல்கிறது திரை.
ரயிலேறினார் என்பதற்கு இடமில்லை.
நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்,
பெயர் தெரியாததால் ஒரு கோடு போட்டு.

முதுகுக்குப் பின்னால் தொட்டி நிரம்பி
வழிகிற சத்தம்.
யாரோ மோட்டாரை நிறுத்தக் கத்துகிறார்கள்.
காலையில் குளோரின் பார்க்க வேண்டும்.
எப்போதும் முதல் தெருவில் ஆரம்பிப்பேன்.
நாளைக்குக் கடைசிக் குழாய்,
அந்த ஷெட்டுக்குப் பக்கத்தில் இருப்பது.
மஞ்சள் வருகிறதா பார்ப்போம்.