ஆடாதவர் பட்டியல்

தலைமாட்டில் கட்டிலை ஆறு பாகை தாழ்த்தியிருக்கிறார்கள்.
அறுபது நாள் எழக் கூடாது.
சாப்பாடு, பல் துலக்கல், மற்றதெல்லாம்
ஒரு தோள் எப்போதும் மெத்தையில் பட்டபடி.
விண்வெளிக்குப் போகிறவர்களின் எலும்பு
அங்கே எப்படிக் கரையுமோ
அப்படி இங்கே, கொலோனில், பிப்ரவரி மழையில்
என்னுடையதைக் கரைத்துப் பார்க்கிறார்கள்.

சும்மா கிடப்பதற்குச் சம்பளம்.
குளிர்காலத்தில் கூரை வேய யாரும் கூப்பிடுவதில்லை.
கையெழுத்துப் போட்டேன்.

முதல் நாள் உறையைப் பிரித்தார்கள்.
பக்கத்துக் கட்டில் ஆன்ஸ்கருக்கு அதிர்வு.
எனக்கு ஒன்றுமில்லை.
"ஒன்றுமில்லை என்பதும் ஒரு வேலைதான், யோர்ன்,"
என்றாள் வீப்கே, கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே.
"நீங்கள் கரைந்தால்தானே
அவர் கரையவில்லை என்று நாங்கள் சொல்ல முடியும்."

காலை ஒன்பதரைக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போவார்கள்.
படுத்தபடியே தோளுக்கு வார்ப்பட்டை.
செங்குத்தாய் நிறுத்திய தட்டில் பாதம் ஊன்றி
நின்றதாகப் பேர்.
விசையைப் போட்டால்
இடக்கால் ஏறும், வலக்கால் இறங்கும்,
நொடிக்கு இருபத்தைந்து தரம்.
ஆறு நிமிடம்.
திரும்பும்போது கெண்டைக்கால் சிவந்து
"அரிக்கிறது, மூக்கும் அரிக்கிறது" என்று முனகுவான்,
வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன்.

இளைக்கலாம் என்று நம்பித்தான் வந்தானாம்.
விளம்பரத்தில் ஒரு பெண் இதே போல் தட்டில் நின்று ஆடி
பத்தே நாளில் பழைய கால்சட்டைக்குள் புகுந்தாளாம்.
வீப்கே சிரிக்கவில்லை.
"இளைப்பது அந்தத் தட்டில் இல்லை, இந்தத் தட்டில்,"
உருளைக்கிழங்கை அவன் பக்கம் நகர்த்தினாள்.
"இங்கே இதிலும் மிச்சம் வைக்கக் கூடாது."

சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம்.
முதலில் காதுக்குத்தான் கேட்டது.
இருபதாம் நாள் வாக்கில் கட்டில் சட்டத்துக்குக் கேட்டது.
ஒன்பதரைக்கு முன்பே
குதிகாலைக் கம்பியில் கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்,
கொக்கி போட்டு மின்சாரம் திருடுகிறவன் மாதிரி.
வந்ததென்னவோ கொஞ்சம்தான்.
ஈ ஒன்று எலும்பில் உட்கார்ந்து எழுந்ததுபோல்.

சொன்னால் என் எலும்பு கணக்கில் சேராது.
முப்பத்தொன்றாம் நாள் சொல்லிவிட்டேன்.
வீப்கே கட்டிலை ஒரு சாண் நகர்த்தி
சக்கரங்களுக்கு அடியில் ரப்பர் வைத்தாள்.
திட்டியிருக்கலாம்.

பிறகு விட்டத்தைப் பார்த்தபடி
ஏறிய ஏணிகளை எண்ணினேன்.
தோளில் ஈயத் தகட்டுச் சுருள்,
ஓட்டுச் சரிவில் பக்கவாட்டு நடை,
குதித்து இறங்கிய கடைசி இரண்டு படி.
அதை உடற்பயிற்சி என்று யாரும் சொன்னதில்லை.
கால்வலி என்றுதான் சொன்னோம்.

அறுபத்தோராம் நாள் நிறுத்தினார்கள்.
ரத்தம் மொத்தமும் காலைத் தேடி இறங்கியது.
உள்ளங்காலில் கண்ணாடித் தூள்.
ஆன்ஸ்கர் நின்றான், ஜன்னல் வரை நடந்தான்,
கொஞ்சம் பெருமையாகவே.
நான்
வீப்கேயின் தோளைப் பிடித்துக்கொண்டு
ஆடினேன்.

படம் எடுத்துப் பார்த்தார்கள்.
முழங்காலுக்குக் கீழே நூற்றுக்கு மூன்று பங்கு காணோம்.
திரும்ப வந்துவிடும், ஒரு வருடம் போல் ஆகும் என்றார்கள்
ஆன்ஸ்கர் கடன்காரர்களிடம் பேசியிருக்கக்கூடிய தொனியில்.
எங்கே போயிற்று என்று கேட்டேன்.
"சிறுநீரில். தினமும் அளந்தோமே."

டிராமில் ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார்.
எனக்கு.
வேண்டாமென்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.
ரைன் பாலம் ஏறும்போது
தண்டவாளம் இணைப்புக்கு இணைப்பு தட்டத் தட்ட
தரை குதிகாலுக்குள் வந்து
முழங்கால், இடுப்பு,
பல் வரைக்கும் ஏறியது.
இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.
அடுத்ததும்.