இருபத்தெட்டு டிகிரி

ஏலம் கிலோ நாலாயிரத்துக்குப் போன வருஷம்
வரதராஜுலு குளம் கட்டினார்.
பத்தடிக்கு முப்பது, நீல ஓடு, எஃகுக் கைப்பிடி.
போடிமெட்டுக்கு மேலே,
காலை பத்து மணிக்கும்
முகம் கழுவாத ஊரில்.

மூன்று வருஷமாக அதில் நீந்தியவை:
தவளைகள்,
தவறி விழுந்த ஒரு கன்று,
சென்னையிலிருந்து வந்த மச்சினர், நாற்பது விநாடி.

தண்ணீர் பதினாறு டிகிரி.
இந்த மாசியில் எனக்கு ஐம்பது முடிகிறது.
தேனியில் மகள் வீட்டில் தங்கிய மாதங்களில்
நீந்தப் பழகிவிட்டேன். யாரும் எதிர்பார்க்கவில்லை,
நானும்தான்.
இப்போது தோள் அதைக் கேட்கிறது,
காலைக் காப்பி கேட்பதுபோல.

கட்டப்பனையிலிருந்து பினீஷ் வந்தான்
மூன்று கொட்டேஷனோடு.

முதல் தாள் சோலார். கூரை முழுக்கக் கறுப்புக் குழாய்,
வெயில் இனாம்.
கூரையைக் காட்டினேன். கூரையைக் காணோம்.
பனி அப்போதுதான் ஓட்டின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது.
அவனே அந்தத் தாளை மடித்து அடியில் வைத்தான்.

கேஸ் சட்டென்று சுடும்,
சட்டென்று தீரும்.
மண் சரிந்த நாளில் சிலிண்டர் ஜீப்பும் வராது.

ஹீட் பம்ப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினான்,
பெண் வீட்டில் மாப்பிள்ளையின் சம்பளம் சொல்கிறவனாட்டம்.
காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்குமாம்.
ஒரு யூனிட் கரண்டுக்கு நாலு பங்கு சூடு.
"இந்தக் காத்துலயா?"
கேட்ட வாயிலிருந்து புகை வந்தது.
"தணுப்பிலும் சூடு உண்டு சேச்சி.
சில்லறையா இருக்கும். மெஷின் பொறுக்கி எடுக்கும்."

அந்த வார்த்தைக்காகவே கையெழுத்துப் போட்டிருப்பேன்.
ஆனால் ஆடி மழையில் நாலு மூன்றாகும்,
மூன்றும் தேயும்,
வோல்டேஜ் விழுந்தால் நின்றுபோகும்
என்பதையும் அவனே சொன்னான்.
நல்ல பையன். வியாபாரத்துக்கு ஆகமாட்டான்.

வரதராஜுலுவுக்கு வேறு கணக்கு.
ஸ்டோரில் காய் உலர இரவெல்லாம் விறகு எரிகிறது,
புகைக்குழாய் வழியே பாதிச் சூடு மலைக்குப் போகிறது.
அங்கே ஒரு செம்புச் சுருளை மாட்டித்
தண்ணீரைச் சுற்ற விடு.
"சும்மா போற சூடுதானே."
இருபத்தாறு வருஷத்தில்
சும்மா போகிற எதையும் அவர் விட்டதில்லை.

காய் எடுப்பு நின்றால் அடுப்பும் அணையும் என்றேன்.
என் தோளுக்குச் சீசன் கிடையாது.

காய் எடுக்க வந்த மொக்கத்தாய், கீழே சிலமலைக்காரி,
குளத்தில் விரலை நனைத்துவிட்டுச் சிரித்தாள்.
"எங்க மொட்டை மாடி டேங்குல வந்து கைய வைங்கம்மா.
மத்தியானம் பாத்திரம் கழுவ முடியல, பொத்துப்போகுது.
அத மேல அனுப்பக் குழாய் இருக்கான்னு
அந்தத் தம்பிகிட்ட கேளுங்க."
பினீஷ் நிஜமாகவே யோசித்தான்.
"பம்ப் பண்ற செலவு…"
என்று ஆரம்பித்து, எங்கள் முகம் பார்த்து நிறுத்தினான்.

ஜீப்பில் ஒரு கால் வைத்தபிறகு திரும்பினான்.
எந்தக் கொட்டேஷனிலும் இல்லாத ஒன்று.
"எது வாங்கினாலும் ஆதியம் ஒரு போர்வை சேச்சி.
ராத்திரி முக்கால் சூடும் மேலே கூடிப் போகும்.
மூடாத குளத்துக்கு என்ன வாங்கியும் வீண்."

ஹீட் பம்ப்புக்கு முன்பணம் கொடுத்தேன், சின்னது,
என் பங்குக் காய்ப் பணத்தில்.
செம்புச் சுருள் அவர் இஷ்டம்.
கொல்லன் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறான்.

மெஷின் இன்னும் எர்ணாகுளத்தில்.
போர்வை வந்துவிட்டது.
குமிழ் குமிழாக நீலத்தில், நனைந்தால் கனக்கிறது,
ஒருத்தியால் விரிக்க முடியாது.
சாயங்காலம் ஆறரைக்கு
ரேடியோவை அணைத்துவிட்டு அவர் வருகிறார்.
அந்த முனை அவர், இந்த முனை நான்.
"இழு."
"அங்க மடங்கியிருக்கு பாரு."
அவ்வளவுதான் பேச்சு.

இன்று காலை ஓரத்தைத் தூக்கித்
தெர்மாமீட்டரை எடுத்தேன்.
பதினெட்டரை.

இன்னும் ஒன்பதரை.