அறுபது ஓம்

ருஸ்தாவி. பிப்ரவரி. தகரக் கூரையின் கீழ்
லிஃப்ட்டில் தொங்குகிறது ஒரு வெள்ளைக் கார்.
டெக்சஸில் எங்கோ வெள்ளத்தில் மூழ்கியது.
காப்பீட்டுக்காரன் கைகழுவ, ஏலத்தில் எடுத்து,
கப்பலில் போத்தி வரை, பிறகு லாரியில் என் கொட்டகைக்கு.
இருக்கைக்கடியில் இன்னும் அந்த ஊர்ச் சேறு,
ஒரு சின்ன நத்தை ஓடு.

சாவியைத் திருப்பினால்
முகப்பில் அத்தனை விளக்கும் எரிகிறது.
பிரேக் செத்தது என்கிறது. ஏர்பேக் செத்தது என்கிறது.
ஸ்டீயரிங்கைக் காணோம் என்கிறது.
ஸ்டீயரிங் என் கையில் இருக்கிறது.

"பேய் பிடித்த வண்டி, மக்வாலா" என்கிறான் உஷாங்கி.
வாங்கியவன் அவன். விற்கப்போகிறவனும்.
பேச்சறுந்த வண்டி, என்கிறேன்.

இரண்டே வயர், கயிறாய் ஒன்றையொன்று முறுக்கியவை.
ஒன்று மேலேறினால் மற்றது அதே அளவு கீழிறங்கும்.
வெளிச் சத்தம் வந்தால் இரண்டையும் சேர்த்தே உலுக்கும்;
இடையில் உள்ள தூரம் மாறாது.
சேதி அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.
என் கல்யாணம் பத்தொன்பது வருஷம் ஓடியதும் இப்படித்தான்
என்று சொல்ல வாயெடுத்து
மீட்டரை எடுக்கிறேன்.

முப்பது பெட்டிகள் அந்த வயரில் கோத்திருக்கின்றன.
யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
'இடது முன்சக்கரம் இத்தனை வேகம்', அவ்வளவுதான்;
வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்.
எங்கள் விருந்து மேசையில் தமாதா என்று ஒருவன் உண்டு.
அவன் கோப்பையைத் தூக்கித் தொடங்காமல் எவனும் வாழ்த்த முடியாது.
இந்த மேசைக்குத் தமாதா கிடையாது.
இருவர் ஒரே கணத்தில் வாய் திறந்தால்
எழுத்தெழுத்தாய் ஒத்துப் பார்க்கிறார்கள்.
பூஜ்யம் ஒன்றை அமுக்கும்.
ஒன்று என எழுதிப் பூஜ்யம் எனக் கேட்டது
அந்த எழுத்திலேயே நிறுத்திக்கொள்கிறது. கோபமில்லை.
வென்ற சொல்லுக்கு ஒரு கீறலும் இல்லை.
பிரேக் பேசி முடிக்கட்டும் என்று
ஜன்னல் கண்ணாடி காத்திருக்கிறது.

பாட்டரியைக் கழற்றி அளக்கிறேன். நூற்றிருபது.
அறுபது காட்ட வேண்டும்:
இரு முனையிலும் ஆளுக்கொரு நூற்றிருபது,
சேர்ந்து தாங்கினால் பாதி.
ஒரு முனை போயிருக்கிறது.
தாங்க ஆளில்லாத முனையில் சொல் மோதித் திரும்பி
பின்னால் வரும் சொல்லின் மேல் விழுகிறது.
இத்தனை நாளும் தங்கள் எதிரொலியோடு மல்லுக்கட்டியிருக்கின்றன.

கம்பளத்தைக் கிழிக்கிறேன். சேறு. இன்னொரு நத்தை.
ஓட்டுநர் காலடியில் ஒரு இணைப்பு, ஊசியெல்லாம் பச்சை பூத்து.
சுரண்டி, வெட்டி, பற்றவைத்து, மறுபடி முறுக்கி
அளந்தால்
அறுபது புள்ளி இரண்டு.

விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைகின்றன.

உஷாங்கி எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிறான்.
காதும் காதும் வைத்த மாதிரி:
"ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் மைல் காட்டுது.
தொண்ணூறாயிரம் ஆக்கிடு."

முகப்புக்குத் தெரியும் அந்த எண். எஞ்சினுக்கும் தெரியும்.
கியர்பெட்டி தன் பங்குக்கு ஓரமாய்க் குறித்து வைத்திருக்கிறது.
முழுப் பூசணிக்காயை மூன்று இலைச் சோற்றில் மறைக்க வேண்டும்.
முடியும். மறைத்திருக்கிறேன்.
போன வருஷம், ஒரு நீல வண்டி.
வாங்க வந்தவள் பணத்தை ரப்பர் பேண்டு போட்டு
மருந்துக்கடைப் பையில் கொண்டுவந்தாள்.

லேப்டாப்பில் அவற்றின் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.
அங்கே ஒரு வழக்கம்.
தன் தவறைத் தானே எண்ண வேண்டும்.
பிழையாய்ச் சொன்னால் எட்டு ஏறும்,
சரியாய்ச் சொன்னால் ஒன்றுதான் இறங்கும்.
இருநூற்று ஐம்பத்தைந்தைத் தாண்டினால்
யாரும் துரத்தத் தேவையில்லை.
தானே வயரை விட்டு விலகி வாயை மூடிக்கொள்ளும்,
மற்றவை பேச.

"என்ன கணக்குப் போடுற?"

எட்டு, என்கிறேன்.

கூலி என்று நினைத்து
பர்ஸைத் திறந்து
எச்சில் தொட்டு எண்ணத் தொடங்குகிறான்.