ஏற்கெனவே இருந்த கீறல்கள்

குட்டாய்சியில் வாடகைக் கார்க்காரன் ஜும்பேர்
காரைச் சுற்றி நடந்து சொல்லச் சொல்ல
தாளில் அச்சிட்ட கார்ப்படத்தின் மேல்
பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தேன்.
முன் பம்பரில் இரண்டு. இடக்கதவில் நீளமாய் ஒன்று.
கூரையில் ஒரு பள்ளம்.
"கூரையில் எப்படி?"
"வால்நட் மரம்," என்றான்.
கொஞ்சம் யோசித்து, "பெரிய வால்நட்."

பதினேழு கீறல்களுக்கும் கீழே
கையெழுத்துப் போட்டேன்,
நானே கீறியதைப் போல.

ஸ்டியரிங் இடப்பக்கம். சாலை வலப்பக்கம்.
கியரைத் தேடிய இடக்கை
கதவில் முட்டிக்கொண்டு திரும்பியது.
திருப்பம் வந்தபோதெல்லாம்
இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைத் தட்ட
ஒரு சொட்டு மழை இல்லாத கண்ணாடியை
அது சிரத்தையாகத் துடைத்தது.
எதிரே வந்த லாரிக்காரன்
கையசைக்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ
ஹாரன் அடித்துப் பதில் சொன்னான்.

பாலத்தின் மேல் பசுக்கள்.
அங்கே காற்று உண்டு, ஈ இல்லை.
இந்த நாட்டுச் சாலையில்
எனக்கு முன்பே தெரிந்திருந்த ஒரே விதி:
மாட்டிடம் ஹாரன் செல்லாது.
எஞ்சினை அணைத்துவிட்டு ஓர் ஆப்பிள் தின்றேன்.

ஜ்வாரி தாண்டி மலை தொடங்கும் இடத்தில்
அட்டைப்பெட்டியோடு ஒருத்தி கைகாட்டினாள்.
பெயர் நாஸிப்ரோலா. பெட்டிக்குள் கோழி.
எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி
மெஸ்தியா என்ற ஊர்ப்பெயர் மட்டும்.

கோயில் கண்ணில் பட்டால்
மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டாள்.
வளைவு வந்தால்
வலது காலால் தரையை மிதித்தாள்.
அங்கே பிரேக் இல்லை,
அழுக்கேறிய ரப்பர் விரிப்புதான் இருந்தது.
"நேலா," என்றாள். "நேலா, நேலா."
நிலாவா என்று வானத்தைப் பார்த்தேன்.
பகல் பதினொரு மணி.
அவள் உள்ளங்கையால் காற்றை
அமுக்கி அமுக்கிக் காட்டினாள்:
மெதுவாக.
சிரித்தோம். பின்சீட்டில்
கோழியும் ஏதோ சொன்னது.

அணைத் தண்ணீர் பச்சையாய்க் கீழே தெரிந்த ஒரு வளைவில்
என் மணிக்கட்டைத் தொட்டாள். நிறுத்தினேன்.

கறுப்புக் கல். அதில் செதுக்கிய ஓர் இளைஞன்,
ஜீன்ஸ் பையில் கட்டைவிரல்,
அவனுக்குப் பின்னால் அவன் கார்.
கல்லடியில் சின்ன மேசை, கவிழ்த்து வைத்த கண்ணாடித் தம்ளர்.
எழுத்துகள் பாகற்கொடியின் சுருள் மாதிரி
ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்தன.
எண்களை மட்டும் வாசிக்க முடிந்தது.
1998. 2022.
கழித்தேன்.
தப்பாக இருக்கட்டும் என்று இன்னொரு முறை கழித்தேன்.
கல்லில் இருந்த மூக்கு அவளுடையது.

அவள் அழவில்லை.
தலைத்துணி நுனியால் தம்ளரைத் துடைத்தாள்.
பெப்சி பாட்டிலில் இருந்த ஒயினைக் கொஞ்சம் ஊற்றி
பாதியை மண்ணுக்குக் கொடுத்தாள்.
மீதியை என்னிடம் நீட்டியவள்
என் கையில் கார்ச்சாவியைப் பார்த்ததும்
வெடுக்கென்று இழுத்துத் தானே குடித்தாள்.

அடுத்த வளைவில் அவள் கால்
தரையை மிதித்தபோது
என் காலும் மிதித்தது.
அதற்கடுத்ததிலும்.
ஒரு காருக்கு இரண்டு பிரேக்.
வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கூட
எங்களை முந்திப் போனது.

மெஸ்தியாவில் இறங்கியவள்
கார்க்கூலி என்று ஒரு கைப்பிடி ஹேசல்நட்டைச்
சீட்டில் கொட்டிவிட்டுப் போனாள்.
கோழி திரும்பிப் பார்த்தது.

நான்காம் நாள்
ஜும்பேர் டார்ச் அடித்துப் பதினேழையும் எண்ணினான்.
புதிதாக ஒன்றும் இல்லை.
பின்சீட்டில் ஓர் இறகு.
"கோழியா?"
"கோழி."
கழுவுகூலி நாற்பது லாரி. பேரம் படியவில்லை.

விமான நிலையத்தில் அவனே கொண்டுவிட்டான்.
ஒரு கையால் ஓட்டுகிறவன்,
மறுகையால் போனில் பேசுகிறவன்.
முதல் வளைவிலேயே என் வலது கால்
தானாக எழுந்து
ரப்பர் விரிப்பை மிதித்தது.
"நேலா," என்றேன்.

என் உச்சரிப்பில் அது என்னவாகக் கேட்டதோ,
அவன் ரேடியோ சத்தத்தைக் குறைத்தான்.