ஏழாம் நம்பர் படகு

ஜனவரி. பைக்காரா.
உப்பைக் கொட்டி மறந்ததுபோல் புல்லெங்கும் உறைபனி.
ஜீப் சாவியைத் திருப்பினால்
ஒரு முனகல், ஒரு இருமல், அவ்வளவுதான்.
"இது ஆயிலா, வெல்லப் பாகா?"
டிப்ஸ்டிக்கை என் மூக்குக்கு நேரே நீட்டினான் யோகசீலன்.
நுனியில் ஒரு சொட்டு
விழ மனசில்லாமல் தொங்கியது.

வாங்கியவன் நான். இருபது W ஐம்பது.
மேட்டுப்பாளையத்து லாரிகள் குடிக்கிறதை
மேலே இருக்கிறவை குடிக்காதா என்று
ஒரு பேரல், தள்ளுபடியில்.
ஜீப், படகு, ஜெனரேட்டர், எல்லாவற்றுக்கும் ஒரே குழம்பு.
ஸ்டோர் கீப்பருக்குத் தெரிந்த ஒரே கிரேடு
விலை.

அந்த W-வை நான் வெயிட் என்றே நினைத்திருந்தேன்.
"விண்டர்" என்றான்.
"நீயும் நானும் நடுங்கிக்கிட்டு நிற்கிறோமே, அது."

பிறகு அவன் எழுதிக் கொடுத்தபடியே வந்தது.
ஜீப்புக்குப் பதினைந்து நாற்பது.
படகு எஞ்சினுக்குப் பத்து முப்பது,
அதுவும் தண்ணீரில் ஓடுகிற எஞ்சினுக்கென்றே செய்தது.
தண்ணீருக்கு அடியில் இருக்கும் கியருக்கு
பற்பசை மாதிரி ட்யூபில் அடைத்த ஒன்று.
பில்லைப் பார்த்து இரண்டு தடவை கண்ணாடி துடைத்தேன்.

பத்து நிமிடம் ஓட விட்டுத்தான் பழசை இறக்குவான்.
"ஆறிப்போனா அழுக்கு உள்ளேயே உட்கார்ந்துக்கும்."
கறுப்பாக, ஆவி பறக்க, தகரத்தில் இறங்கும் வரை
இருவரும் அதில் கை காய்ந்தோம்.
நட்டின் செம்பு வாஷரை நான் பத்திரப்படுத்தினால்
பிடுங்கிக் குப்பையில் போடுவான்.
"ஒரு தடவை நசுங்கினது நசுங்கினதுதான்."
அதற்கும் ஒரு வரி எழுதினேன், செலவு என்று.

மாதம் ஒன்று போனது.
ஏழாம் நம்பர் படகின் கியரைத் திறந்தால்
கீழ்த் துளையில் இருந்து இறங்கியது
டீக்கடை நாசரின் பால் டீ.
நுரை உட்பட.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.
"பார்த்தியா உன் விலை உசந்த ஆயிலை!"
பதிவேட்டைத் திறந்து உடனே எழுதினேன்:
தரம் குறைவு.
அவன் வாதாடவில்லை.
புரொப்பெல்லரைக் கழற்றினான்.

பின்னால், தண்டைச் சுற்றி
இறுக்கி, உருகி, மறுபடி இறுகி
பச்சை நைலான் நரம்பு.
ஸ்பானர் முனையால் பிரிக்கப் பிரிக்க
ஒரு முழம், இரண்டு முழம்.
ரப்பர் சீலை அறுத்திருந்தது, கத்தி போட்ட மாதிரி.
அந்த வழியே ஏரி உள்ளே போயிருக்கிறது.
ஆயில் என்ன செய்யும், பாவம்,
வந்தவரோடு கலந்துவிட்டது.

"எவனோ தூண்டில் போட்டிருக்கான்."

இங்கே மீன் பிடிக்கத் தடை.
பலகை உண்டு. பெயின்ட் என் ஸ்டோரில் இருந்து போனது.
ஐந்து மணிக்குக் கடைசிப் படகு கட்டியபின்
ஜெட்டிக்குப் பின்னால், பைன் மர நிழலில்
யாரும் வரமாட்டார்கள்.
போன வாரம் ஒரு பெரிய கெண்டை
நரம்பை அறுத்துக்கொண்டு போனது.
கெண்டை என்றுதான் நினைத்தேன்.

புது சீல் போட்டான்.
ட்யூபை என்னிடம் தந்தான்.
"கீழ்த் துளையில் வச்சு அழுத்து, மெதுவா."
மேலே இருந்து ஊற்றக் கூடாதாம்,
காற்று உள்ளே சிறைப்பட்டுவிடுமாம்.
அழுத்தினேன்.
மேல் துளையில் முதலில் குமிழ், பிறகு குமிழ்,
பிறகு குமிழில்லாமல் ஆயில்.
"இப்ப மேல் துளையை மூடு. அப்புறம் கீழே ட்யூபை எடு.
மேல் வாய் மூடியிருந்தா கீழே சொட்டாது."

சொட்டவில்லை.
நானும் மூடிக்கொண்டுதான் நின்றேன்.

மண்ணெண்ணெயில் கையைத் தேய்த்தபடி,
ஏரியைப் பார்த்தபடி,
சும்மா கேட்கிற மாதிரி கேட்டான்:
"இந்த நரம்பு ஒரு ரோல் இப்ப என்ன விலை?"

"நூற்றிருபது" என்றேன்.

அவன் திரும்பவில்லை.
பழந்துணியில் விரல் விரலாகத் துடைத்தான்.

"சீல் நானூற்று நாற்பது" என்றான்.